நகராத சைக்கிளில் பத்து காஜா வரை

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இது கதையாகப் பிறந்ததில்லை.

கோலாலம்பூரிலிருந்து வரும் ஒரு மாத இதழின் ஆசிரியர் எனக்கு ஓர் அஞ்சலட்டை போட்டிருந்தார். "ஈப்போவில் பெண்கள் கூட்டமாகச் சேர்ந்து மண்டபத்துக்குள்ளேயே சைக்கிள் மிதிக்கிறார்களாமே, நீங்களும் போகிறீர்களாமே! அந்த வகுப்பில் முழுப் பலன் பெறுவது எப்படி என்று மாதர் பகுதிக்கு எழுதி அனுப்புங்கள். பத்துக் குறிப்புகள் போதும். கதை வேண்டாம்."

அந்தக் கடைசி இரண்டு சொற்கள்தாம் எல்லாவற்றையும் கெடுத்தன. அவை இல்லாதிருந்தால் பத்துக் குறிப்புகளையும் எழுதிப் போட்டுவிட்டு, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளின் கட்டுரை நோட்டுகளைத் திருத்தப் போயிருப்பேன். நான் தமிழ்ப் பள்ளி ஆசிரியை. பெயர் மங்களம். 'வேண்டாம்' என்று சொன்னால் என் வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வார்களோ அதைத்தான் நானும் செய்வேன்.

ஆனாலும் யோக்கியமாகத்தான் தொடங்கினேன். பாருங்கள்:

உடல்நலம் பேணுதல் இன்றைய மாதர்க்கு இன்றியமையாத—

(இந்த வாக்கியத்தை எழுதியவளோடு எனக்கே பேசப் பிடிக்கவில்லை.)

இரண்டாவது தொடக்கம்:

குறிப்பு ஒன்று. வகுப்புக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே போய்விடுங்கள். சைக்கிளின் பக்கத்தில் நின்று, இருக்கையை உங்கள் இடுப்பெலும்பு உயரத்துக்கு ஏற்றி வையுங்கள். ஏறி உட்கார்ந்து மிதிகட்டையில் குதிகாலை வைத்து அழுத்தினால் கால் நேராக நீள வேண்டும். வீரம்மா எப்போதும்—

'வீரம்மா' என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. அதன்பிறகு குறிப்பு இரண்டு வரவேயில்லை. வீரம்மாதான் வந்தாள்.

2

இடம் புந்தோங். ஆண்டு 1984. பொங்கல் முடிந்த அடுத்த வாரம்.

வகுப்பை நடத்தியவர் அம்பிகை மிஸ்ஸி. ஆஸ்பத்திரியில் மூட்டுவலிக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பது அவர் வேலை. வெள்ளை உடுப்புப் போட்ட பெண்கள் எல்லாருமே நமக்கு மிஸ்ஸிதானே! ஐம்பது வயது, நெடிய உருவம், கழுத்தில் ஒரு விசில். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வேக்கு வந்தவர். தன்னிடம் முட்டிவலி என்றும் சீனி வியாதி என்றும் வந்த பெண்களில், 'நடங்கள்' என்று சொன்னால் நடக்காதவர்கள் எட்டுப் பேரை, என்னையும் சேர்த்து, பொறுக்கி எடுத்தார். புந்தோங் பூப்பந்து மண்டபத்தைச் செவ்வாய், வியாழன் மாலைகளில் கேட்டு வாங்கினார். எட்டுப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்து, சக்கரம் தரையில் படாதபடி இரும்புத் தாங்கிகளில் ஏற்றி நிறுத்தினார். ஒவ்வொரு பின்சக்கரத்தின் மேலும் ரப்பர் பட்டை ஒன்று. அதை அழுத்த ஒரு திருகாணி. முறுக்கினால் மேடு, தளர்த்தினால் சமவெளி. முக்காலி போட்டுத்தான் ஏற வேண்டும்.

முதல் நாள் விசிலை ஊதிவிட்டுக் கேட்டார்: "ஆருக்கெல்லாம் சைக்கிள் ஓடத் தெரியும்?"

நான் கையைத் தூக்கினேன். பள்ளிக்குச் சைக்கிளில்தான் போகிறேன். இன்னும் இரண்டு பேர் தூக்கினார்கள். நான்காவதாக, எனக்குப் பக்கத்தில் நின்ற குள்ளமான பெண்ணின் கை மெதுவாக மேலே போனது.

"தெரிஞ்ச ஆக்கள் முன் வரிசை. தெரியாத ஆக்கள் பின்னாலே இருந்து இவையளைப் பாத்துப் பழகுங்கோ."

அந்தக் குள்ளமான பெண்தான் வீரம்மா. நாற்பத்தாறு வயது. மெங்லம்புவில் நிலக்கடலை பொட்டலம் போடும் வேலை. அதற்கு முன்பு பத்து காஜா என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் பதின்மூன்று வயதிலிருந்து பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவள். தோட்டம் துண்டுதுண்டாக விலைபோனதும், கணவர் இராமசாமியோடு புந்தோங்குக்கு வந்துவிட்டாள். மரம் வெட்டியபோது வராத சீனி, உட்கார்ந்து கடலை கட்டியபோது வந்தது.

அவளை நான் உயரமாகத்தான் எழுதியிருந்தேன் முதலில். முன் வரிசைக்கு எடுப்பாக இருக்கட்டுமே என்று. வாசித்துக் காட்டியபோது "யாரு டீச்சர் அது?" என்று கேட்டாள்.

3

முக்காலியில் ஏறி உட்கார்ந்து மிதிக்க ஆரம்பித்த அரைமணி நேரத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, அவளைப்போல் மிதிக்க ஆள் இல்லையென்று. நாங்களெல்லாம் முதல் ஐந்து நிமிடம் பேய் பிடித்த மாதிரி மிதித்துவிட்டு, பிறகு நாக்கைத் தள்ளிக்கொண்டு கிடந்தோம். அவள் ஒரே சீராக, எதையோ எண்ணிக்கொள்வது போல மிதித்தாள். தோள் அசையவில்லை. கைப்பிடியை இறுக்கவில்லை; கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன எண்ணுறியள்?" என்றார் அம்பிகை மிஸ்ஸி.

"மரம் மிஸ்ஸி. ஒரு நெரைக்கு எத்தனை மரமோ அத்தனை மிதி. நெரை முடிஞ்சா திரும்புவேன்."

மூன்றாவது வாரமே அவளை எல்லாருக்கும் முன்னால், எங்களைப் பார்த்தபடி ஒரு சைக்கிளில் ஏற்றிவிட்டார் மிஸ்ஸி. அன்றிலிருந்து அது வகுப்பாக இல்லை, பயணமாகிவிட்டது.

"இப்பச் சமக் காடுலா, பொறுமையாப் போங்க. ஒடம்பு சூடாகட்டும். ... இப்ப மேட்டுக் காடு, முறுக்குங்க! இன்னும் ஒரு முறுக்கு! ... செல்லாயிக்கா, பக்கத்துல பாக்காதீங்க, அவங்க மரம் அவங்களுக்கு, ஒங்க மரம் ஒங்களுக்கு. ... எறக்கம் வருது, விடுங்க. ஐயோ, முறுக்கைத்தான் விடச் சொன்னேன், காலை விடாதீங்க!"

நான்கு சுவரும் ஒரு தகரக் கூரையும்தான். ஆனால் எனக்கு மரத்து நிழல் தெரிந்தது. ஓடைப் பாலத்தில் பலகை தடதடப்பது கேட்டது. அந்தப் பாலத்தைப் பற்றி அவள் அடிக்கடி சொல்வாள். இரண்டு பக்கமும் பால் வாளியைக் கட்டிக்கொண்டு, மழையில், ஒற்றைப் பலகைமேல் சைக்கிளை விட்டாளாம். ஒரு சொட்டு சிந்தவில்லையாம். ஒருநாள் எதிரே காட்டுப்பன்றி வந்ததாம். மணியடித்ததும் ஒதுங்கி வழிவிட்டதாம்.

(பொய் எழுதிப் பெயர் வாங்குகிறவள் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தப் பன்றி வழிவிட்ட இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். பொறாமைதான் வந்தது. இப்படி ஒரு பன்றி எனக்குத் தோன்றவில்லையே என்று.)

அஞ்சலட்டை ஆசிரியருக்காக ஒரு குறிப்பை இங்கே செருகிவிடுகிறேன். எவ்வளவு கடுமையாக மிதிக்க வேண்டும் என்று எங்களுக்கு இருந்த குழப்பத்தை அம்பிகை மிஸ்ஸி ஒரே பேச்சில் தீர்த்து வைத்தார்: "கதைச்சுக்கொண்டு மிதிக்க ஏலுமெண்டால் அளவு சரி. பாட ஏலுமெண்டால் காணாது, முறுக்குங்கோ. கதைக்கவே ஏலாதெண்டால் கூடிப்போச்சு, தளத்துங்கோ."

எட்டுத் தமிழ்ப் பெண்களிடம் பேச்சையே அளவுகோலாகக் கொடுத்தால் என்ன ஆகும்? அளவு எப்போதும் மிகச் சரியாக இருந்தது.

4

இந்தப் பகுதியை எடுத்துவிடலாமா என்று நான்கு முறை யோசித்தேன். நம்பமாட்டீர்கள் என்ற பயம். ஆனால் கதையில் நான் சொந்தமாகச் சேர்த்ததையெல்லாம் வீரம்மா அடித்துவிட்டாள். இதை மட்டும் "இருக்கட்டும்லா" என்றாள்.

வகுப்புக்கு ஒரு கேசட் வானொலி இருந்தது. மார்ச் மாதம் அது நாடாவைத் தின்றுவிட்டது. பாட்டில்லாமல் மிதித்தால் சங்கிலி கடகடக்கும் சத்தம்தான். மண்டபத்துச் சாவியை வைத்திருந்தவர் உடையப்பன். கோயில் ஊர்வலங்களுக்கு உறுமி வாசிப்பவர். "மிஸ்ஸி, நான் வாசிக்கிறேன்" என்று ஆசையாகக் கேட்டார்.

உறுமி என்றால் என்ன ஆகும் என்று எங்களுக்குத் தெரியும். அம்பிகை மிஸ்ஸிக்குத் தெரியாது. "நல்ல தாளமா இருந்தால் சரி" என்றுவிட்டார்.

உடையப்பன் மெல்லத்தான் தொடங்கினார். எங்கள் கால்கள் தாமாகவே அதில் சேர்ந்துகொண்டன. பத்து நிமிடம், சொர்க்கம்! அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. குச்சியைத் தோலில் இழுத்தார். உறுமி உறுமியது. பின் வரிசையில் செல்லாயி அக்காவின் சைக்கிள் கிறீச்சிட்டது.

அறுபது வயது செல்லாயி அக்கா வகுப்பிலேயே மெதுவானவர். முட்டிவலி. விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இருக்கையைக் கீழே இறக்கி வைத்துக்கொண்டு, முட்டி நெஞ்சில் இடிக்க மிதிப்பார். மிஸ்ஸி நான்கு வாரமாகச் சொல்லியும் ஏற்றவிடவில்லை. அந்தச் செல்லாயி அக்காவின் கொண்டை அவிழ்ந்திருந்தது. கண் எங்கோ இருந்தது. கால்கள் சுற்றிய வேகத்தில் மிதிகட்டையே தெரியவில்லை.

மிஸ்ஸி விசிலை ஊதினார். "மெதுவா! மெதுவா!" அம்மன் விசிலுக்குக் கட்டுப்படுமா?

உடையப்பன் நிறுத்தலாமா வேண்டாமா என்று தெரியாமல் இன்னும் பலமாக வாசித்தார். வீரம்மா முக்காலியைக் கூடத் தேடாமல் குதித்து இறங்கி, கைப்பையிலிருந்து திருநீற்றை எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றாள். "தாயே, என்ன குறை? சொல்லும்மா."

"ஆசனம்!" என்றது அம்மன். "என் பிள்ளைக்கு ஆசனம் ஏன் இம்புட்டுத் தாழ்ந்து கெடக்கு? முட்டி நோவுதுடி!"

அம்பிகை மிஸ்ஸி திருகுசாவியை எடுத்து வந்தார். இரண்டு பேர் செல்லாயி அக்காவைத் தாங்கிப் பிடிக்க, மண்டியிட்டு இருக்கையைச் சரியாக இடுப்பெலும்பு உயரத்துக்கு ஏற்றினார். பிறகு, அந்த நெடிய மனுஷி நிமிர்ந்து, கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்: "இப்ப சரியோ, அம்மா?"

"ம்" என்றது அம்மன். பதினொரு நிமிடம் மிதித்துவிட்டு மலையேறியது.

"ஏன் எல்லாரும் என்னையே பாக்குறீங்க?" என்றார் செல்லாயி அக்கா, வியர்வையைத் துடைத்துக்கொண்டு. அந்த மாதமே அவருடைய முட்டிவலி பாதியாகக் குறைந்தது.

"நாலு வாரம் நான் சொல்லிக் கேக்கேல்லை" என்று மிஸ்ஸி என்னிடம் முணுமுணுத்தார். அதன்பின் உறுமிக்கு ஒரு விதி வந்தது. உடையப்பன் குச்சியை இழுக்கக் கூடாது, தட்டலாம். எங்களுக்கும் ஒரு விதி வந்தது, யாரும் சொல்லாமலே: இருக்கையின் உயரத்தில் இனி யாரும் கைவைப்பதில்லை. அது தெய்வ வாக்கு.

5

மே மாதம் ஒரு வியாழக்கிழமை, வகுப்பு முடிந்து எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது மிஸ்ஸி அறிவித்தார்: "நாலு மாசமா ஒரே இடத்திலே நிண்டு மிதிச்சது காணும். வாற மாசக் கடைசி ஞாயிறு எல்லாரும் பத்து காஜா மட்டும் உண்மையான ரோட்டிலே போவம். பின் வரிசை ஆக்களுக்கு வாற வாரத்திலிருந்து பாடாங் மைதானத்திலே ஓடப் பழக்குறன். வீரம்மாதான் முன்னுக்குப் போகவேணும்."

மண்டபமே கூச்சலிட்டது. வீரம்மா மட்டும் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டிருந்தாள். மூடி ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அடுத்த இரண்டு வகுப்புக்கும் அவள் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தாள். சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். வாசலில் இராமசாமி அண்ணன் லாரியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

உள்ளே வீரம்மா உரலில் சம்பால் இடித்துக்கொண்டிருந்தாள். காய்ச்சல் இடிக்கும் இடியா அது?

"டீச்சர்," என்றாள் நிமிராமல். "எனக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியாது."

"என்ன?"

"ஏறினதே இல்ல. அந்த மண்டபத்துலதான் மொதல்ல ஏறுனேன்."

"அப்போ பால் வாளி? பாலம்?"

"தலையில தூக்கிட்டு நடந்து போனதுதான்."

"பன்னி?"

"பன்னி வந்துச்சு," என்றாள் அவசரமாக. "நெசமா வந்துச்சு. நாந்தான் ஒதுங்குனேன்."

ஏன் பொய் சொன்னாள்? இந்த இடத்தில் நான் எழுதிய பத்தி இது:

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியின் சைக்கிள் அலுவலக வாசலில் பளபளத்துக்கொண்டு நிற்கும். பத்து வயது வீரம்மா ஒருநாள் அதன் மணியைத் தொட்டுவிட்டாள். கிராணியின் கை அவள் கன்னத்தில்—

இதை வாசித்துக் காட்டியபோது அவள் உண்மையாகவே கோபப்பட்டாள். "எந்தக் கிராணி டீச்சர் என்னை அடிச்சாரு? எங்க கிராணி நல்ல மனுஷன், பாவம். அடிச்சாத்தான் கதையா?"

"பின்னே ஏன் கையைத் தூக்குனீங்க?"

"முன் வரிசைக்கு மேலதான் காத்தாடி சுத்துச்சு."

அவ்வளவுதான். அந்தப் பத்தியை அப்படியே விட்டிருக்கிறேன், அரைகுறையாக, என் வெட்கத்துக்குச் சாட்சியாக. ஆனால் கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "கையைத் தூக்கினதும் எல்லாரும் திரும்பிப் பாத்தாங்கல்ல? நல்லா இருந்துச்சு டீச்சர். அப்புறம் எறங்க முடியல."

சம்பால் இடித்த அன்றைக்கு நான் சொன்னது இதுதான்: "மிஸ்ஸிகிட்டச் சொல்லிடலாம். பின் வரிசைக்காரங்களோட சேந்து பாடாங்குல பழகிக்கலாம்."

"மிஸ்ஸி திட்டுனா தாப்பாலா, பரவாயில்ல, வாங்கிக்குவேன். செல்லாயிக்காவ நெனைச்சுப் பாருங்க. என் வாயைப் பாத்துத்தான் அந்தக் கால் மிதிக்குது. நான் சொன்ன மேடெல்லாம் பொய்யின்னு தெரிஞ்சா அந்தக் கால் நின்னுருமே."

"நாளைக்கு ஆறு மணிக்கு என் சைக்கிளோட வாரேன்" என்று மட்டும் சொன்னேன்.

வாசலில் இராமசாமி அண்ணன் கேட்டார்: "சொல்லிட்டாளா? நாலு மாசமா வயித்துல வச்சிருக்கேன் டீச்சர், சிரிக்கக்கூட விடல."

6

ஈப்போவைச் சுற்றிப் பழைய ஈயச் சுரங்கத்து மணல்வெளிகள் நிறைய உண்டு. வெள்ளை மணல், ஓரத்தில் பச்சைத் தண்ணீர்க் குட்டை. விழுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாது. வீரம்மா முதல் நாள் ஒன்பது முறை விழுந்தாள். இரண்டாம் நாள் பதினான்கு.

நான் பள்ளிக்கூடத்து வழியில் சொல்லிக் கொடுத்தேன்: "கண்ணு தூரத்துல இருக்கணும். சாயுற பக்கமே கைப்பிடியைத் திருப்பணும்." அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு விழுந்தாள்.

நான்காம் நாள் இராமசாமி அண்ணன், லாரிப் படியில் உட்கார்ந்து தேநீர் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவர், எழுந்து வந்தார். "தள்ளுங்க டீச்சர்." இருக்கையின் பின்னால் பிடித்துக்கொண்டார். "ஏ வீரா, கீழ பாக்காத. மண்டபத்துல இருக்கேன்னு நெனைச்சுக்க. மரத்தை எண்ணு."

அவள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று... அவர் கூடவே ஓடினார். தொப்பை குலுங்க, கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு. பதினேழில் கையை விட்டுவிட்டார். அவளுக்குத் தெரியாது. இருபத்திரண்டு, இருபத்துமூன்று. நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். முப்பத்தொன்றில் அவள் குரல் மாறியது.

"என்னங்க? பிடிச்சிருக்கீங்களா?"

"இல்லடி!" என்று கத்தினார் அவர்.

"ஐயோ!" என்றாள். ஆனால் விழவில்லை. மணல்வெளி முழுக்க ஒரு பெரிய வட்டம் போட்டாள். சிரிப்பா அழுகையா என்று சொல்ல முடியாத ஒரு சத்தம் அவளோடு வட்டமாகச் சுற்றி வந்தது. காற்று அவள் முந்தானையைத் தூக்கியது. மண்டபத்துக் காத்தாடிக் காற்று முந்தானையைத் தூக்காது, பாருங்கள்.

(இங்கேயே கதையை முடித்துவிடலாம். நல்ல முடிவுதான். முடிக்காததற்குக் காரணம், இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது.)

சிக்கல் இதுதான். ஓட்டப் பழகிவிட்டாள், நிற்கப் பழகவில்லை. இருக்கை இடுப்பெலும்பு உயரத்தில் இருந்தால் குள்ளமான பெண்ணுக்குக் கால் தரையில் எட்டாது. மண்டபத்தில் முக்காலி இருந்தது. மணலில், நிற்க வேண்டுமென்றால் சும்மா விழுந்துவிடுவாள். தார் ரோட்டில்?

"இருக்கையை ரெண்டு அங்குலம் எறக்கிக்கலாம் வீரம்மா" என்று கெஞ்சினேன்.

"அம்மனே ஏத்தச் சொன்னது. நான் எறக்கவா?"

பிரேக்கைப் பிடித்து, முன்னால் நழுவி இறங்கும் வித்தையைப் பத்து நாள் சொல்லிக் கொடுத்தேன். பத்தில் எட்டு முறை மணல்தான். கடைசியில் மூவருமாக ஒரு திட்டம் போட்டோம். புந்தோங்கில் இராமசாமி அண்ணன் பிடித்து ஏற்றிவிடுவார். பாதி வழியில், லஹாட் சாப்பாட்டுக் கடையில், நான் முந்திப் போய் நின்று பிடித்துக்கொள்வேன். பசியாறிய பிறகு நானே ஏற்றிவிடுவேன். பத்து காஜாவில், லாரியில் முன்னதாகவே போய்க் காத்திருக்கும் இராமசாமி அண்ணன் பிடித்து இறக்கிவிடுவார்.

அருமையான திட்டம். அதில் எல்லாம் என் சைக்கிள் சங்கிலியை நம்பியே இருந்தது.

7

ஜூன் கடைசி ஞாயிறு. காலை ஆறே முக்கால். மழை பெய்து ஓய்ந்து ரோடு பளபளத்தது. எட்டுப் பெண்கள், அம்பிகை மிஸ்ஸி, முதுகில் உறுமியைக் கட்டிக்கொண்டு உடையப்பன். செல்லாயி அக்கா பாடாங்கில் மூன்றே நாளில் பழகிவிட்டிருந்தார், வீரம்மாவின் குரலை மனத்துக்குள் கேட்டுக்கொண்டே.

இராமசாமி அண்ணன் மனைவியை ஏற்றிவிட்டு, யாரும் பார்க்காமல் தள்ளியும் விட்டார். "மரத்தை எண்ணு" என்றார். வீரம்மா போனாள். நாங்கள் பின்னால் போனோம். அவர் லாரியை எடுத்துக்கொண்டு ஒலிப்பானை அடித்தபடி எங்களைத் தாண்டிப் போனார்.

மெங்லம்பு வரை எல்லாம் கனவுபோல நடந்தது. கடலை வறுக்கும் வாசனை காற்றில் வந்தது. வீரம்மாவோடு வேலை செய்யும் சீனப் பெண்கள் இருவர் ரோட்டோரம் நின்று கைதட்டினார்கள். "சமக் காடு, பொறுமையா!" என்று முன்னாலிருந்து அவள் குரல் வந்தது. செல்லாயி அக்கா அதைத் திருப்பிச் சொன்னார். அவருக்குப் பின்னால் வந்தவரும் சொன்னார்.

லஹாட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது, முந்திப் போக வேண்டுமே என்று நான் வேகமாக மிதித்தேன். சங்கிலி கழன்றுவிட்டது.

மண்டியிட்டு, கையெல்லாம் கரியாகி, சங்கிலியை மாட்டி ஏறுவதற்குள் எல்லாரும் என்னைக் கடந்து போய்விட்டிருந்தார்கள். கடை கண்ணில் தெரிந்தபோது எட்டுச் சைக்கிள்கள் சுவரில் சாய்ந்து நின்றன. பெண்களெல்லாம் வாசலில் நின்று பத்து காஜாப் பக்கம் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள்.

"பாத்தியளோ டீச்சர்?" என்றார் மிஸ்ஸி, பெருமையில் முகம் சிவக்க. "நிக்கவே இல்லை! களைப்பே இல்லை! அதெல்லோ பயிற்சி!"

"மிஸ்ஸி," என்றேன். "அவளுக்கு நிக்கத் தெரியாது."

மூன்றே வாக்கியத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்பிகை மிஸ்ஸியின் முகத்தில் பெருமை போய்ப் பயம் வந்தது. பயம் போய்க் கோபம் வந்தது. சைக்கிளில் ஏறினார். நானும் ஏறினேன்.

ஒன்றரை மைல் துரத்தினோம். ஐம்பது வயதில் அந்த மனுஷி மிதித்த மிதியை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வளைவு தாண்டியதும் அந்தக் குள்ள முதுகு தெரிந்தது. நேராக, அசையாமல், ஒரே சீராக.

"வீரம்மா!" என்று மிஸ்ஸி அவள் பக்கத்தில் போய்ச் சேர்ந்தார். "உனக்கு விசரே? லாரி பஸ் ஓடுற ரோட்டிலே! செத்துப்போனால் ஆர் பதில் சொல்லுறது? என்னட்டைப் பொய் சொல்லலாமோ?"

வீரம்மா திரும்பவில்லை. கண்ணைத் தூரத்திலேயே வைத்திருந்தாள், நான் சொல்லிக் கொடுத்தபடி. "மன்னிச்சிருங்க மிஸ்ஸி. மொத நாளே சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லேல்லை?"

"முன்னால உக்காந்துட்டேன்லா."

மூன்று சைக்கிளும் அருகருகே போயின. மிஸ்ஸியின் கண் நிறைந்திருந்தது, காற்றாகவும் இருக்கலாம். பின்பு அவர் தன் கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, மண்டபத்தில் கேட்கும் அதே குரலில் கேட்டார்: "கதைக்க ஏலுதோ?"

"ஏலுது மிஸ்ஸி."

"பாட ஏலுதோ?"

வீரம்மா பாடினாள்! வரியெல்லாம் தப்பு, ராகம் அதைவிடத் தப்பு.

"அப்ப இன்னும் கொஞ்சம் ஊண்டி மிதி" என்றார் மிஸ்ஸி. "நிக்கிறதைப் பத்திப் பத்து காஜாவிலே யோசிப்பம்."

பின்னால் உறுமிச் சத்தம் கேட்டது. உடையப்பன் ஒரு கையால் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, முன்னால் திருப்பிப் போட்ட உறுமியை மறு கையால் தட்டியபடி வந்துகொண்டிருந்தார். அவருக்கு முன்னால், முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு செல்லாயி அக்கா. எல்லாரும் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

"வீரம்மா!" என்று செல்லாயி அக்கா கூவினார். "ஒனக்கு ஓட்டத் தெரியாதாம்ல?"

"ஆமாக்கா!"

"அப்போ நீ சொன்ன மேடெல்லாம்?"

"பொய்தான்க்கா!"

செல்லாயி அக்கா இரண்டு மிதி யோசித்தார். "முட்டிவலி போனது நெசம்லா" என்றார். கால் நிற்கவில்லை.

8

இதன் பிறகு நடந்தவற்றில் சொல்லக்கூடியதைச் சொல்லிவிடுகிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அம்பிகை மிஸ்ஸி இரண்டு வாரம் வீரம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் வாரம் வியாழக்கிழமை வகுப்பையே அவளிடம் ஒப்படைத்துவிட்டார். எட்டுப் பேர் பத்தொன்பது பேரானோம். வீரம்மாவின் சீனி இறங்கியது. இன்றைக்கும் எங்களை மேட்டுக் காட்டில் ஏற்றுகிறாள். பன்றி வரும் இடத்தில் இப்போது எல்லாரும் சேர்ந்து மணியடிக்கிறோம்.

மிச்சம் இருப்பது பத்து காஜாவில் அவள் எப்படி நின்றாள் என்பதுதான். அதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

முதல் விதத்தில் அவள் ரோட்டோர லாலான் புல்லுக்குள் போய்ப் பூப்போல விழுகிறாள். இரண்டாவதில், மிஸ்ஸி பக்கத்திலேயே போய், "பிரேக்... முன்னுக்கு நழுவு... இடது கால்..." என்று சொல்லச் சொல்ல, தேர் நிலைக்கு வருவதுபோல் நிற்கிறாள். மூன்றாவதில், இராமசாமி அண்ணன்—

மூன்றையும் அவள் வீட்டுச் சமையலறையில் வாசித்துக் காட்டினேன். மீன் கழுவிக்கொண்டே கேட்டாள். முதலாவதற்குச் சிரித்தாள். இரண்டாவதற்கு "ம்" என்றாள். மூன்றாவதைப் பாதியிலேயே நிறுத்திவிட்டாள்.

"டீச்சர், நெசமா எப்படி நின்னேன்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். பாத்தேனே."

"அதை எழுதாதீங்க. நான் நிக்கிறது கதையில வேணாம்."

"படிக்கிறவங்க கேப்பாங்களே வீரம்மா?"

"அவங்களுக்கு வேணும்னா அவங்க நிறுத்திக்கட்டும்."

ஆகவே, உங்களிடம் விடுகிறேன். மணி எட்டே கால். மழை ஈரம் காய்ந்த ரோடு, இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். பின்னால் உறுமி. அம்பிகை மிஸ்ஸி அவளுடைய வலப்பக்கம், நான் இடப்பக்கம். முன்னால், லாரியை ஓரங்கட்டிவிட்டு, நடு ரோட்டில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறார் இராமசாமி அண்ணன். வீரம்மா அவரைப் பார்த்துவிட்டாள். காலை விடவில்லை. அவர் பயந்த மாதிரியும் தெரிகிறது, சிரிக்கிற மாதிரியும் தெரிகிறது. அவளோ, "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று மணியை அடித்துக்கொண்டே—